அரை மில்லிமீற்றர் ஆழம்

திருகோணமலையில் ஆழம் பார்க்க இரண்டு வழி உண்டு. பழைய வழி கயிறும் ஈயக்குண்டும். குண்டு தரை தட்டியதும் கயிற்றை இழுத்து, இரு கையையும் விரித்து விரித்து இத்தனை பாகம் என்று எண்ணுவார்கள். புதிய வழி படகில் பூட்டிய எக்கோ சவுண்டர். அது கீழே ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைத் திரையில் எழுதும்.

இரண்டுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. நீரோட்டம் இழுத்தால் கயிறு சாய்ந்துவிடும். சாய்ந்த கயிறு ஆழத்தைக் கூட்டித்தான் காட்டும், ஒருநாளும் குறைத்துக் காட்டாது. எக்கோ சவுண்டரின் சிக்கல் வேறு. ஒலி தண்ணீரில் வினாடிக்கு 1,500 மீற்றர் சொச்சம் ஓடும் என்று அது முன்கூட்டியே நம்பிக்கொண்டிருக்கிறது. மாரியில் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது உப்புக் குறைகிறது, ஒலியின் வேகமும் கொஞ்சம் குறைகிறது. கருவிக்கு அது தெரியாது. படகோட்டிக்கு இந்தப் பிழையால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் இதே இரண்டு பிழைகளும் கண் கிளினிக்கில், அரை மில்லிமீற்றர் ஆழமுள்ள ஓரிடத்தை அளக்கும்போது வந்தால் கதை வேறு.

அந்த அரை மில்லிமீற்றர்தான் விழிவெண்படலம். வைத்தியசாலையில் கோர்னியா என்பார்கள். கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னால், கண்ணாடிபோல் தெளிவாக, வளைந்து நிற்கும் தோல் அது. குறுக்களவு 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் தடிப்பு சராசரியாக 540 மைக்ரோன். ஆயிரம் மைக்ரோன் சேர்ந்தால் ஒரு மில்லிமீற்றர். ஓரத்துக்குப் போகப் போக 650, 700 என்று தடிக்கும். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இந்தத் தோல்தான். உள்ளே இருக்கும் வில்லைக்கு மிச்சப் பங்கே கிடைக்கிறது.

இதில் இரத்தக் குழாய் கிடையாது. ஒட்சிசனை நேரே காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் நார்களாலான நடு அடுக்கு. அந்த நார்கள் ஒரே பருமனில், ஒரே இடைவெளியில் அணிவகுத்து நிற்பதால்தான் ஒளி சிதறாமல் கடந்து போகிறது என்று டேவிட் மோரிஸ் 1957இல் விளக்கினார். நார்களுக்கிடையே தண்ணீர் கூடினால் அணிவகுப்புக் குலையும், கோர்னியா மங்கும். அந்த நடு அடுக்குக்கோ தண்ணீரை உறிஞ்சும் சுபாவம் உண்டு, விட்டால் வீங்கிவிடும். அதைத் தடுப்பது கோர்னியாவின் உட்பக்கத்தில் ஒற்றை வரிசையாகப் பரந்திருக்கும் கலங்கள். ஏறக்குறைய 5 மைக்ரோன் தடிப்புள்ள அந்த ஒரு வரிசை இரவு பகலாக நீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. இறந்துபோகும் கலத்துக்குப் பதிலாக மனிதரில் புதிய கலம் பிறப்பதில்லை. பக்கத்துக் கலம் விரிந்து இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். ஆகவே கோர்னியாவின் தடிப்பு என்பது உள்ளே நடக்கும் இறைப்பு எப்படிப் போகிறது என்பதற்கான கணக்கும்கூட.

நித்திரையில் இமை மூடியிருக்கும்போது ஒட்சிசன் குறைகிறது. விடியும்போது கோர்னியா மூன்று நான்கு வீதம், அதாவது ஏறத்தாழ 20 மைக்ரோன், தடித்திருக்கும். எழுந்து ஓரிரண்டு மணித்தியாலத்தில் வடிந்துவிடும். எனவே அளந்த நேரத்தைக் குறிக்காத தடிப்பு அரைகுறைத் தகவல்.

தடிப்பை ஏன் அளக்க வேண்டும்? கண் நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா நோய்க்காகக் கிளினிக்குக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கண்ணின் அழுத்தத்தை அளக்க ஒரு சிறு கூம்பை விழியில் மெல்ல அழுத்தி, 3.06 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் அமைத்த முறை இது. எல்லாருடைய கோர்னியாவும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொண்டே அவர் கணக்குப் போட்டார். தடித்த கோர்னியாவைத் தட்டையாக்க விசை கூட வேண்டும். அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். மெல்லியதில் குறைத்துக் காட்டும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுக்கொண்டிருக்க, எண் மட்டும் சாதாரணமாய் இருக்கும். ஆபத்தானது இந்த இரண்டாவது வகை.

அமெரிக்காவில், கண் அழுத்தம் கூடியிருந்தும் குளுக்கோமா இன்னும் வராத ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. தடிப்பு 555 மைக்ரோனோ அதற்குக் குறைவோ உள்ளவர்களுக்கு, 588க்கு மேற்பட்டவர்களைவிட நோய் வரும் ஆபத்து மூன்று மடங்கு. அதுவரை பல கிளினிக்குகளில் யாரும் கவலைப்படாத தடிப்பு, அந்த ஆண்டிலிருந்து வழக்கமான சோதனையாகிவிட்டது.

நம் பக்கத்தில் இந்த எண்களை அப்படியே தூக்கிவைக்க முடியாது. சென்னை சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை குளுக்கோமா ஆய்வில் சராசரித் தடிப்பு 511 மைக்ரோனை ஒட்டி இருந்தது. நாகபுரிக்கு அருகேயுள்ள கிராமங்களில் நடந்த ஆய்விலும் 514 அளவில்தான். அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி 573. ஆனால் அவர்கள் அழுத்தம் கூடியவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். தடித்த கோர்னியா அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், அந்தக் கூட்டத்துக்குள் தடித்த கோர்னியாக்காரர் அதிகமாய் நுழைந்திருப்பார்கள். எனவே இந்த வித்தியாசம் முழுவதையும் இனத்தின் தலையில் கட்டுவது தவறு. ஆயினும் தென்னாசியக் கண்களின் கோர்னியா சற்று மெல்லியது என்பது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்ட செய்திதான். இவ்வளவு மைக்ரோனுக்கு இவ்வளவு அழுத்தம் கூட்டு என்று திருத்தவாய்பாடுகள் பல வந்தன. ஒன்று சொல்வதை மற்றது சொல்வதில்லை. கவனமுள்ள வைத்தியர்கள் வாய்பாட்டைப் போடாமல், மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

உயிரோடிருக்கும் கண்ணில் கோர்னியாவின் தடிப்பை முதலில் அளந்தவர் சுவீடன் நாட்டு உடற்றொழிலியலாளர் மாக்னஸ் பிளிக்ஸ், 1880இல். (தோலில் குளிரை உணரும் புள்ளி வேறு, சூட்டை உணரும் புள்ளி வேறு என்று கண்டவரும் இதே ஆள்தான்.) அவர் பயன்படுத்தியது ஒளி. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்லிட் லாம்ப் என்னும் பிளவு விளக்கோடு பூட்டும் கருவி வந்தது. கத்தி விளிம்புபோல ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, கோர்னியாவின் வெட்டுமுகத்தை இரண்டு பாதியாகப் பிரித்துக் காட்டும். ஒரு பாதியின் முன் ஓரத்தை மற்றப் பாதியின் பின் ஓரத்தோடு வைத்தியர் கையால் திருகிப் பொருத்துவார். பொருந்திவிட்டது என்று யார் சொல்வது? அவர்தான். இன்னொருவர் திருகினால் இன்னோர் எண் வரும்.

1980களில் ஒலி வந்து அந்தத் திருகலை ஒழித்தது. ஒலியால் தடிப்பை அளக்கும் மீயொலிப் பக்கிமீற்றரைக் கிட்ட நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பேனை அளவு ஆய்கோல், சின்னப் பெட்டி, திரையில் மூன்று இலக்கம். நோயாளியைச் சாய்த்து இருத்தி விறைப்புச் சொட்டு விடுவார்கள். சில விநாடி எரியும், பிறகு மரத்துவிடும். நேரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, ஆய்கோலின் முனையைக் கருமணியின் நடுவுக்கு நேராகத் தொடுவார்கள். பீப் என்று ஒரு சத்தம், எண் விழும். மறுபடி தொடுவார்கள். இப்படிப் பல தடவை.

உள்ளே நடப்பது எக்கோ சவுண்டரின் அதே கணக்கு. ஒலி கோர்னியாவுக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 1,640 மீற்றர் வேகத்தில் போகிறது. முன்பக்கத்தில் ஓர் எதிரொலி, பின்பக்கத்தில் ஓர் எதிரொலி. இடைப்பட்ட நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தடிப்பு. முப்பது மீற்றர் ஆழத்தில் எதிரொலி திரும்பப் படகு ஒரு வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு காத்திருக்க வேண்டும். 540 மைக்ரோனுக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் மூன்றில் இரண்டு.

கயிற்றின் குணமும் இங்கே இருக்கிறது. ஆய்கோல் சாய்ந்தால் ஒலி குறுக்காகப் போய்த் தடிப்புக் கூடும். நடுவைத் தவறவிட்டு ஓரமாய்த் தொட்டாலும் கூடும், ஏனென்றால் ஓரம் உண்மையிலேயே தடித்தது. இரண்டு கைப்பிழையும் ஒரே பக்கம் தள்ளுவதால், வந்த எண்களில் ஆகக் குறைந்ததை எடுத்துக்கொள்வோர் பலர். சராசரி எடுப்போரும் உண்டு. ஒரே கண், ஒரே கருவி, இரண்டு வழக்கம், இரண்டு விடை. ஒலியின் வேகத்திலும் இப்படி ஒரு குளறுபடி நடந்தது. சில பழைய கருவிகள் வேகத்தை 1,550 என்று வைத்திருந்தன, மற்றவை 1,640 என்று. இரண்டாவது கருவியில் 540 மைக்ரோன் காட்டும் கோர்னியா முதலாவதில் 510 தான். கோர்னியாவில் ஒரு மாற்றமும் இல்லை.

ஒளிக் கருவிகள் இப்போது திரும்பிவந்திருக்கின்றன, ஆனால் திருகும் கை போய்விட்டது. ஒருவகையின் மூலத்தைத் தேடினால் ஒஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளூக்கிடம் போய் நிற்கும். வானிலிருந்து சாய்வாக எடுத்த நிலப்படங்களை நேராக்குவதற்காக, வில்லையையும் படத்தளத்தையும் சாய்த்து வைக்கும் விதிக்கு அவர் 1904இல் காப்புரிமை பெற்றார். பொருள் கமராவுக்குச் சாய்வாக இருந்தாலும் முன்னிருந்து பின்வரை முழுதும் துலக்கமாக விழும். கோர்னியாவின் வெட்டுமுகத்துக்கு வேண்டியது அதேதான். பென்டகாம் என்னும் கருவியில் ஷைம்ஃப்ளூக் கமரா கண்ணைத் தொடாமல் சுழன்று, இரண்டு வினாடிக்குள் 25 அல்லது 50 வெட்டுமுகங்களை நீல ஒளியில் எடுக்கும். கிடைப்பது ஒற்றை எண் இல்லை, ஒரு வரைபடம்: எங்கே எவ்வளவு, ஆக மெல்லிய புள்ளி எது என்று. அந்தப் புள்ளி பெரும்பாலும் சரி நடுவில் இருக்காது. சற்றுக் கீழே, காதுப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். நடுவை மட்டும் தொட்ட ஆய்கோல் அதைப் பார்த்திருக்காது.

மற்றது ஓசிடி. 1991இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் அறிவித்தது. மூன்று ஆண்டுக்குள் கோர்னியாவுக்கும் வந்துவிட்டது. ஒளியின் எதிரொலியை நேரடியாக நேரம் பார்க்க இயலாது, அது அவ்வளவு வேகம். ஆகவே திரும்பிவரும் ஒளியை இன்னொரு கதிரோடு மோதவிட்டு, குறுக்கீட்டிலிருந்து தூரத்தைக் கணிக்கிறார்கள். நல்ல கருவிகள் 5 மைக்ரோன் வரை பிரித்துக் காட்டும். மேல்தோல் தனியாக, நடு அடுக்குத் தனியாகத் தெரியும். ஆனால் இதற்கும் ஒரு முன்நம்பிக்கை உண்டு. கோர்னியாவின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.38 என்று வைத்துத்தான் ஒளி நடந்த பாதையைத் தடிப்பாக மாற்றுகிறது. அந்த எண் ஒரு வீதம் பிசகினால் விடையில் ஐந்து மைக்ரோன் பிசகும்.

ஒரே கண்ணை இவை எல்லாவற்றிலும் வைத்தால் என்ன ஆகும்? பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காண்பது: ஓசிடி மீயொலியைவிடக் குறைவாகக் காட்டும், பெரும்பாலும் பத்து இருபது மைக்ரோன். பென்டகாம் மீயொலிக்கு அண்மையில் நிற்கும். இவற்றுக்கு முன் வந்த ஓர்ப்ஸ்கேன் கூட்டிக் காட்டியதால், அதன் எண்ணை 0.92 ஆல் பெருக்கியே எழுதினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. ஆய்கோல் கண்ணைத் தொடுகிறது. தொட்டால் கண்ணீர்ப் படலம் விலகும், மேல்தோல் கொஞ்சம் அமுங்கும். தொடாத கருவியோ கண்ணீர்ப் படலத்தையும் சேர்த்து அளக்கும். அப்படிப் பார்த்தால் மீயொலிதான் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டுவதோ கூடுதலாக. ஆய்கோல் சாய்வதும் நடுவை விட்டு விலகுவதும் ஒரு காரணம். விறைப்புச் சொட்டு சிறிது நேரத்துக்குக் கோர்னியாவைத் தடிக்கவைப்பது இன்னொன்று. பின்பக்கத்தில் ஒலி சரியாக எந்த இடத்தில் திரும்புகிறது என்பதிலேயே தெளிவில்லாதது மூன்றாவது. ஒளிக்கும் ஒலிக்கும் ‘பின்பக்கம்’ ஒரே கோடு அல்ல.

நோயுள்ள கண்ணில் சண்டை இன்னும் கூடும். கந்தளாயிலோ மூதூரிலோ அரிவு வெட்டும்போது நெல்லின் கூர் கண்ணில் குத்திப் புண்ணாகி ஆறினால், கோர்னியாவில் வெள்ளைத் தழும்பு நிற்கலாம். தழும்பு ஒளியைச் சிதறடிக்கும். ஒளிக் கமரா அங்கே பின்பக்க ஓரத்தைத் தேடித் தடுமாறும். ஒலிக்குத் தழும்பு அவ்வளவு தடையில்லை. வெயிலிலும் உப்புக்காற்றிலும் கடலில் கிடப்பவர்களுக்கு வெள்ளைவிழியிலிருந்து கோர்னியாமேல் சதை ஏறினால், அதன் விளிம்பில் எந்த எண்ணையும் நம்பிக்கையோடு எழுத முடியாது.

சரி, இரண்டு கருவிகள் ஒத்துப்போகின்றனவா என்று எப்படித் தீர்மானிப்பது? நெடுங்காலம் தொடர்புக் குணகத்தைக் கணக்கிட்டு, 0.95 வந்தால் பிரமாதம் என்று கட்டுரையை முடித்துவிடுவார்கள். 1986இல் இங்கிலாந்தின் மார்ட்டின் பிளான்ட், டக்ளஸ் ஆல்ட்மன் இருவரும் லான்செட் இதழில் இதை உடைத்தார்கள். ஒரு கருவி ஐந்து கண்களுக்கு 480, 500, 520, 540, 560 என்று காட்டுகிறது. மற்றது அதே கண்களுக்கு 505, 525, 545, 565, 585. தொடர்பு முழுமையானது, குணகம் 1. ஆனால் ஒரு கண்ணில்கூட ஒத்துப்போகவில்லை. 25 மைக்ரோன் இடைவெளி அப்படியே நிற்கிறது.

அவர்கள் சொன்ன வழி எளிது. ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு எண்ணின் வித்தியாசத்தை எடு; சராசரி வித்தியாசத்தைப் பார்; அந்த வித்தியாசங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார். உதாரணத்துக்கு, சராசரி வித்தியாசம் 12 மைக்ரோன், நியம விலகல் 10 என்று வைப்போம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கண்களில் வித்தியாசம், முதல் கருவி 8 குறைத்துக் காட்டுவதிலிருந்து 32 கூட்டிக் காட்டுவது வரை எங்கும் இருக்கலாம். சராசரி 12 ஐக் கழித்துவிட்டால் போச்சு என்று நினைப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது. கழித்த பிறகும் உங்கள் ஒரு கண்ணில் 20 மைக்ரோன் மேலோ கீழோ நிற்கலாம். அந்த இடைவெளி பொறுக்கத்தக்கதா என்பதைப் புள்ளிவிபரம் சொல்லாது. அந்த எண்ணைக் கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் சொல்லும்.

குளுக்கோமாவில் மெல்லியதா தடித்ததா என்று பார்க்க மட்டும் என்றால் பத்து மைக்ரோன் பெரிதில்லை. கண்ணாடியைக் கழற்றும் லேசர் சிகிச்சையில் பெரிது. 110 மைக்ரோனுக்கு ஒரு மடல் வெட்டுகிறார்கள். கிட்டப்பார்வை 6 டயொப்டர் என்றால், 6 மில்லிமீற்றர் வட்டத்தில் டயொப்டருக்கு ஏறத்தாழ 12 மைக்ரோன் வீதம் 72 சீவுகிறார்கள். மொத்தம் 182. கோர்னியாவில் நாற்பது வீதத்துக்கு மேல் தொட்டால் பிற்காலத்தில் பலவீனமாகிப் பிதுங்கும் ஆபத்து ஏறும் என்பது பலர் கைக்கொள்ளும் எல்லை. தடிப்பு 460 என்றால் 182 அதில் 39.6 வீதம், எல்லைக்குள். 450 என்றால் 40.4, எல்லைக்கு வெளியே. பத்து மைக்ரோன்தான், கருவி மாறினாலே வந்துவிடும் வித்தியாசம்.

கூம்புக் கோர்னியா என்னும் நோயில் நடு அடுக்கு மெலிந்து முன்னால் பிதுங்கும்; இளவயதினரை, கண்ணை ஓயாமல் கசக்குகிறவர்களை அதிகம் பிடிக்கும். ரைபோபிளவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு நார்களைப் பிணைத்து இறுக்கும் சிகிச்சை ஜேர்மனியின் டிரெஸ்டனில் உருவானது. 2003இல் முதல் நோயாளிகளின் விபரம் வெளிவந்தது. மேல்தோலை நீக்கிய பின் 400 மைக்ரோனாவது மிஞ்ச வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. குறைந்தால் புற ஊதா ஒளி உட்பக்கக் கலங்களைச் சுட்டுவிடும், அவை திரும்ப வளராதவை. 405 என்று ஒரு கருவியும் 390 என்று இன்னொன்றும் சொன்னால் வைத்தியர் எதை நம்புவது?

இது நம் மாவட்டத்து நோயாளிக்கு ஏட்டுச் சிக்கல் இல்லை. இங்கே ஒருமுறை அளந்து, பிறகு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று துண்டைக் கொண்டு திரிகிறவர்கள் நாம். துண்டில் 512 என்று மட்டும் இருக்கும். எந்தக் கருவி, எத்தனை மணிக்கு என்று இராது. ஆறு மாதம் கழித்து வேறிடத்தில் 490 வந்தால் கோர்னியா மெலிகிறதென்று நோயாளி பயந்துவிடுவார். காலையில் மீயொலியில் எடுத்ததும் பின்னேரம் ஓசிடியில் எடுத்ததும் அப்படித்தான் இருக்கும். கருவியின் பெயரையும் நேரத்தையும் எழுதித் தரும்படி கேட்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

தடிப்பு வைத்தியசாலைக்கு வெளியேயும் ஒரு கேள்வியாக இருக்கிறது, அதுவும் இலங்கைக்கே உரிய முறையில். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்கு முதன்முதல் கண்களை அனுப்பியது. அன்றிலிருந்து 50க்கு மேற்பட்ட நாடுகளில் இந்தத் தீவின் கோர்னியாக்கள் வெளிச்சம் பார்க்கின்றன. உயிர் போன கண்ணில் உட்பக்கக் கலங்களின் இறைப்பு ஓயத் தொடங்குகிறது. நடு அடுக்குத் தண்ணீரை வாங்கித் தடிக்கிறது. அதனால்தான் சில மணித்தியாலத்துக்குள் எடுத்துக் குளிர்ச்சியில் வைக்கும் அவசரம். கண் வங்கியில் கலங்களை எண்ணுவதோடு தடிப்பையும் பார்க்கலாம். அங்கே ஆய்கோலைக் கொண்டு போய்த் தொட யாரும் விரும்புவதில்லை; கண்ணாடிக் குப்பிக்கு வெளியே இருந்தே ஓசிடியால் எடுத்துவிடலாம்.

இப்போது பல நோயாளிகளுக்கு முழுக் கோர்னியாவை மாற்றுவதுமில்லை. நெதர்லாந்தின் கெரிட் மெலஸ் 2006இல் அறிவித்த முறையில் கடைசி அடுக்கையும் அந்த ஒற்றை வரிசைக் கலங்களையும் மட்டும் உரித்து, சுருட்டி, ஊசித்துளை போன்ற வழியால் உள்ளே விட்டு விரிக்கிறார்கள். உரித்தெடுத்தது மொத்தம் 10 முதல் 15 மைக்ரோன். சத்திரசிகிச்சைக்கு முன் இறைப்பு நின்றுபோன கண்ணில் தடிப்பு 700ஐத் தொட்டிருக்கலாம். புதிய கலங்கள் வேலையைத் தொடங்கியதும் கிளினிக்குக்குக் கிளினிக் எண் இறங்கும்: 650, 590, 540. வருடங்கள் போய் அது மீண்டும் ஏறத் தொடங்கினால், நோயாளிக்குப் பார்வை மங்குமுன்னே வைத்தியருக்குச் சந்தேகம் வந்துவிடும், இரண்டு தடவையும் ஒரே கருவியில் எடுத்திருந்தால்.